அப்பாவின் டாங்கி

என் அப்பா என்னைக் கடைசியாக அடித்தபோது எனக்கு முப்பத்தொன்பது வயது. பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றை என்னால் சரியாக ஓட வைக்க முடியவில்லை என்பதுதான் காரணம். கைத்தடி இடது காதின் மேல் விழுந்தது. அடுத்த நொடி அந்தத் தடியைப் பிடுங்கி நான் அவரைத் திருப்பி அடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். பக்கத்து வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா கணபதி என்ற பகுதியில் லேத் பட்டறை வைத்திருந்தார். பம்பு செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற வேலை. பட்டறைக்கு யார் வந்தாலும் "வாங்க, உக்காருங்க, டீ சாப்பிடறீங்களா" என்று கேட்பார். அங்கே அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய பிறகு அவர் வேறு ஆள். சட்டையில் பித்தான் தைக்காமல் இருந்தால் அடி. பொரியல் ஆறியிருந்தால் அடி. ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்று கேட்டு அடி, சிரித்தால் என்ன இளிப்பு என்று அடி. அம்மாவின் முன்பல் ஒன்று பாதி உடைந்து அப்படியே நிற்கிறது. எனக்கு முதுகில் இரண்டு தழும்புகள் உண்டு. பட்டறை மெஷினில் அறுந்துபோன பழைய பெல்ட்டை இதற்கென்றே வீட்டில் பரணுக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தார்.

நான் எட்டாவது படிக்கும்போது வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. மகள் இன்ஜினியராக வேண்டும் என்பது அவர் ஆசை. காந்திபுரத்துக் கடைக்காரர் வந்து எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்துவிட்டு, கூடவே விளையாட்டுகள் அடங்கிய ஒரு சிடியையும் கொடுத்துப் போனார். அதில் ஒன்று டாங்கி விளையாட்டு. பாலைவனத்தில் பச்சை நிற டாங்கி ஒன்று போகும். நாலு பக்கமிருந்தும் சாம்பல் நிற டாங்கிகள் வரும். சுட வேண்டும், சுடப்படாமல் தப்ப வேண்டும். அவ்வளவுதான். நான் விளையாடுவதைப் பின்னால் நின்று ஒருநாள் பார்த்தார். மறுநாள் "எந்திரி" என்றார். அதன் பிறகு அந்த நாற்காலி அவருடையது.

மாலை ஆறரைக்குப் பட்டறையிலிருந்து வந்து, முகம் கழுவி, காப்பி குடித்துவிட்டு உட்கார்வார். ஒன்பது மணிவரை குண்டுச் சத்தம்தான். டாங்கி வெடித்தால் கெட்ட வார்த்தையால் கத்துவார், மேசையைக் குத்துவார். ஒருமுறை கீபோர்டைத் தூக்கிச் சுவரில் அடித்தார். எழுத்துப் பொத்தான்கள் தரையெல்லாம் சிதறின. நான் உள்ளறையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வெடிச் சத்தத்துக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன். இந்த விளையாட்டுதான் அவருக்கு வெறி ஏற்றுகிறது என்று நினைத்தேன். பத்தாவது படிக்கும்போது, ஒருநாள் அவர் வருவதற்கு முன் அதை அழித்துவிட்டேன்.

ஆறே முக்காலுக்கு அவர் தேடினார். இல்லை. திரும்பி, "எவ இதைத் தொட்டது?" என்று கேட்டார். நான் பீரோவுக்குப் பக்கத்தில் நின்றேன். அம்மா சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்தாள்.

"நாந்தானுங்க. துணி போட்டுத் தொடச்சேன். கை பட்டு என்னமோ ஆயிப்போச்சுங்க."

அவர் அம்மாவின் கையைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் முறுக்கிக் கதவு நிலையில் வைத்து அழுத்தினார். மணிக்கட்டு எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அம்மா கத்தவில்லை, தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். மறுநாள் கடைக்காரர் வந்து விளையாட்டைத் திரும்பப் போட்டுக் கொடுத்தார். அழித்தது நான் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு நான் கல்லூரிக்குப் போனேன், பீளமேட்டில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் சோதிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன், கல்யாணம் செய்துகொண்டு சரவணம்பட்டிக்குப் போனேன். அந்தக் கம்ப்யூட்டர் பழுதாகி பழைய இரும்போடு போய்விட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் இழுத்துக்கொண்டது. உயிர் தப்பினார். வலது கையும் காலும் பாதிதான் வேலை செய்கின்றன, பேச்சு குழறுகிறது. இடது கைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கையில் தடி இருந்தது. அம்மா சோறு ஊட்டக் குனிந்தால் தடியால் விலாவில் இடிப்பார். காப்பி டம்ளரை முகத்தில் எறிவார். நான் ஞாயிறுதோறும் போவேன். அம்மாவின் கழுத்தில், முழங்கையில் புதுக் காயங்கள் இருக்கும். எங்களோடு வந்துவிடச் சொன்னால், "அவுரு எங்க போவாரு" என்பாள்.

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வரும் பெண் ஒருநாள் என்னிடம் சொன்னாள். "அவருக்குப் புடிச்சதா, மனசு லயிக்கற மாதிரி ஏதாச்சும் வேலை குடுங்க அக்கா. பந்தை அமுக்கச் சொன்னா என்ற மேலயே எறியறாருங்க."

என்ன வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டேன். வெகுநேரம் வாயைக் கூட்டிக் கூட்டி, "டாங்கி" என்றார்.

சிடி அம்மாவின் பீரோவில் சேலைகளுக்கு அடியில் இருந்தது. அம்மா ஏன் அதைப் பத்திரப்படுத்தினாள் என்று அன்று நான் யோசிக்கவில்லை. என் பழைய லேப்டாப்பில் சிடி போடும் வசதி இல்லை. அலுவலகத் தோழியிடம் வெளியே செருகுகிற டிரைவ் ஒன்றை வாங்கி வந்தேன். சிடி முழுக்கக் கீறல், மூன்றாவது தடவைதான் நகல் எடுக்க வந்தது. ஓட விட்டால், இந்தக் கம்ப்யூட்டரில் இது இயங்காது என்று ஒரு வரி வந்து நின்றது. அந்த விளையாட்டு பதினாறு பிட் காலத்தில் எழுதப்பட்டது. இன்றைய அறுபத்து நான்கு பிட் கம்ப்யூட்டருக்கு அந்தப் பாஷையே தெரியாது. பழைய விண்டோஸ் போல ஓட்டு என்று கேட்டுப் பார்த்தேன், அதே வரிதான். கடைசியில், கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு பழைய கம்ப்யூட்டரைப் போல நடிக்கிற ஒரு இலவச மென்பொருளை இறக்கினேன். அதற்குள் விளையாட்டை ஓடவிட்டேன். பாலைவனப் படம் வந்தது. முதல் குண்டுச் சத்தம் கேட்டதும் சட்டென்று மூடிவிட்டேன். பிழைப்புக்கே சோதனை வேலை செய்கிறவள், அதை ஒரு ஆட்டம்கூட ஆடிப் பார்க்காமல் கணபதிக்கு எடுத்துப் போனேன்.

அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, லேப்டாப்பை மேசையில் வைத்தேன். அவர் இடது கையைப் பொத்தான்களின் மேல் வைத்தார். முகத்தில் பல மாதங்களாக இல்லாத ஒரு கவனம். ஆட்டம் தொடங்கியது. பச்சை டாங்கி கண்ணுக்கே தெரியாத வேகத்தில் ஓடிச் சுவரில் முட்டியது. சாம்பல் டாங்கிகள் ஈசல் மாதிரி மொய்த்தன. மூன்று உயிரும் இரண்டு நொடியில் போயின. அந்தக் காலத்து விளையாட்டுகளில் சிலது அப்படித்தான், கம்ப்யூட்டர் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகத்தில் ஓடும். அவர் மறுபடி தொடங்கினார். மறுபடி இரண்டு நொடி. மூன்றாம் முறையும் அதே.

"வேகத்தைக் குறைக்கோணுங்கப்பா. ரெண்டு நிமிசம் இருங்க" என்று நான் குனிந்தேன்.

"வேணும்னே பண்றே" என்றார். குழறினாலும் தெளிவாகக் கேட்டது. "என்னையக் கிறுக்கனாக்கறயா."

தடி காதில் விழுந்தது. கண்ணில் வெள்ளையாக என்னவோ அடித்தது. இரண்டாவது அடிக்கு அவர் ஓங்கும்போது தடியைப் பிடித்து இழுத்தேன். வந்துவிட்டது. அதே தடியால் அவர் வலது தோளில் அடித்தேன். செத்துப்போன தோள் அது. மறுபடி அடித்தேன். மூன்றாவது அடி நாற்காலிக் கையில் பட்டது. அப்பா தலைக்கு மேல் இடது கையை வைத்து மறைத்துக்கொண்டு சுருண்டார். அம்மா அப்படிச் சுருண்டு நான் பார்த்திருக்கிறேன். அவரை அந்த நிலையில் பார்த்ததே இல்லை. என் கைக்கு அது இனித்தது. அதை நான் மறைக்க முடியாது. நான்காவது அடிக்கும் ஓங்கியிருந்தேன்.

அம்மா பின்னாலிருந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போதும் கண்ணு. உள்ள வா."

சமையலறையில் ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி என் காதில் வைத்தாள். முன்னறையில் அப்பா முனகுவது கேட்டது.

"அந்த லேப்டாப்பை எடுத்துட்டுப் போயிர்றேம்மா. அந்தச் சனியன் இனி இந்த ஊட்டுக்குள்ள வேண்டாம்."

"எடுத்துட்டுப் போயி, சரி பண்ணிக் கொண்டா" என்றாள் அம்மா.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"உனக்குத் தெரியாது கண்ணு. டாங்கி வெடிச்சாக் கத்துவாரு. கத்துனாக் கத்தட்டும். ஆறரைல இருந்து ஒம்போது வரைக்கும் அந்தச் சேரை உட்டு எந்திரிக்க மாட்டாரு. அந்தச் சத்தம் கேக்கற வரைக்கும் என்ற மேல கை படாது. நான் பாட்டுக்கு அடுப்புல நிப்பேன். கரண்டு போச்சுன்னாத்தான் எனக்குப் பயம்."

அம்மா துணியைப் பிழிந்து மறுபடி காதில் வைத்தாள்.

"நீதான் அதை அழிச்சேன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

"ஏம்மா சொல்லல?"

"சொல்லி என்ன பண்ண? உன்னைய அடிச்சிருப்பாரு. பரிச்சை வேற." தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். அது கொஞ்சம் கோணலாகத்தான் கூடியிருக்கிறது. "எனக்காகத்தானே பண்ணுனே. ஆனா என்னையக் கேக்காமப் பண்ணிப்போட்டே."

அடுத்த ஞாயிறு மறுபடி போனேன். அந்த மென்பொருளில் வேகத்துக்கு ஒரு எண் உண்டு, கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் சரியான வேகம் எது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர் உலகத்திலேயே அப்பா ஒருவர்தான். அவருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். தடியை அம்மா எடுத்து எங்கோ வைத்திருந்தாள். பனியன் வழியாக அவர் தோள் தெரிந்தது. நான் அடித்த இடம் மஞ்சளும் பச்சையுமாக இருந்தது. என் காது இன்னும் கனத்தது. நடந்ததற்கு அவரும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

எண்ணைப் பாதியாகக் குறைத்தேன்.

"இன்னும்" என்றார்.

குறைத்தேன்.

"இன்னும்."

டாங்கி இப்போது ஆமை மாதிரி நகர்ந்தது. "ஏத்து" என்றார். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். திரையைப் பார்த்தபடியே இருந்தார். "நில்லு."

பொத்தான்களையும் மாற்றி, எல்லாம் இடது கைக்கு எட்டும்படி வைத்தேன். அவர் ஆடினார். முதல் கட்டம் தாண்டினார். இரண்டாவதில் வெடித்தது. கத்தினார், மேசையைக் குத்தினார். சமையலறையில் அம்மா எதையோ தாளித்துக்கொண்டிருந்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு மாதம் ஓடியது. அப்பாவே ஒற்றைக் கையால் திறந்து ஆடிக்கொண்டார். பிறகு ஒரு புதன்கிழமை பகலில் அலுவலகத்துக்கு அம்மா போன் செய்தாள். பின்னால் என்னவோ உடைகிற சத்தம்.

"ஏங்கண்ணு, அது கருப்பாவே நிக்குது. அவுரு பாத்திரத்தை எல்லாம் எறியறாரு. நான் வாசப்படில உக்காந்திருக்கேன்."

"லேப்டாப் எங்கம்மா இருக்குது?"

"என்ற மடில. தூக்கிட்டு வந்துட்டேன்."

அதுவரை அம்மா அதைத் துணியால்கூடத் தொட்டதில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னேன். அந்த வட்டப் பொத்தானைப் பத்து எண்ணும்வரை அமுக்குங்கம்மா. விட்டுட்டு மறுபடி அமுக்குங்க. படம் வந்தா, டாங்கிப் படம் போட்ட சின்னக் கட்டத்தை ரெண்டு தட்டு தட்டுங்க. மீட்டிங் அறைக்கு வெளியே நின்று நான் பேசினேன். அரைமணி நேரம் ஆனது. கடைசியில் போனில் குண்டுச் சத்தம் கேட்டது.

"வந்துருச்சு" என்றாள். அவள் குரல் அவ்வளவு நிதானமாக இருந்து நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு அவளே கற்றுக்கொண்டாள். திறக்க, மூட, நின்றுபோனால் மறுபடி கிளப்ப. போன மாதம் ஒரு ஞாயிறு நான் போனபோது, அப்பா மூடிய லேப்டாப்புக்கு முன்னால் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அம்மாவின் கன்னத்தில் நகக் கீறல் புதிதாக இருந்தது.

"வெள்ளிக்கெழம கை நீட்டுனாரு" என்றாள் அம்மா, பீன்ஸ் நறுக்கிக்கொண்டே. "ரெண்டு நாளைக்கு ஓடாதுன்னு சொல்லிப்போட்டேன்."

அப்பா என்னைப் பார்த்தார். "ஓட உடச் சொல்லு" என்றார்.

"அம்மாவைக் கேளுங்கப்பா."

அவர் கேட்கவில்லை. அவர் கண்ணில் இருந்தது என்ன என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் அதுவரை நானும் அம்மாவும் மட்டும் அவரைப் பார்த்த பார்வை அது. ஒரு நோயாளியை அப்படிப் பார்க்க வைத்தது சரியா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதைப் பார்த்து எனக்கு வருத்தம் வரவில்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

"மூடி வெச்சாலும் நான் இல்லாதப்ப அவரே தொறந்துக்கறாரு" என்றாள் அம்மா. "பூட்டு மாதிரி ஏதாச்சும் இருக்குதா?"

பாஸ்வேர்டு வைக்கலாம் என்றேன். நான்கு எண்கள் போதும், மறக்காத மாதிரி ஏதாவது சொல்லுங்கள் என்று லேப்டாப்பைச் சமையலறை மேடையில் வைத்தேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஒற்றை விரலை நீட்டியவள், நின்று என்னைப் பார்த்தாள்.

"நீயும் அக்கட்டால திரும்பிக்கோ" என்றாள்.