வேலியோரத்துப் பேய்ச்சுரை

அரிந்து வைத்திருந்த சுரைக்காயில் நாக்கை வைத்ததுமே உடம்பெல்லாம் உதறிவிட்டது எனக்கு. பாகற்காயெல்லாம் கிட்டே வர முடியாது, அப்படியொரு கசப்பு. அம்மியில் சக்கை கிடந்தது. பிழிந்த துணி பச்சையாகக் கிடந்தது. தம்ளர் காலி. நான் பால் பூத் வரிசையில் நின்ற நேரத்தில், என் வீட்டுக்காரர் முழுசையும் குடித்துவிட்டு விக்ரோலிக்கு வேலைக்குப் போயிருந்தார்.

அறுபதுகளில் செம்பூரில் குடியிருந்தோம். அவருக்குச் சர்க்கரை வியாதி. ரயிலில் கூட வருகிற மகராசன் எவனோ, வெறும் வயிற்றில் சுரைக்காய்ச் சாறு குடித்தால் சர்க்கரை இறங்கும் என்று ஓதியிருக்கிறான். அவன் நாசமாய்ப் போக!

கொல்லையில் நான் வளர்த்த கொடி அது. அந்த வருஷத்து முதல் காய். போன வருஷம் காய்த்தது வெண்ணெய் மாதிரி வெந்தது, அதில் எடுத்த விதைதான். அப்புறம் எங்கேயிருந்து வந்தது இந்தக் கசப்பு? சன்னல் வழியே பார்த்தேன். தேவ்நார் ரோட்டு வேலியில் பேய்ச்சுரை படர்ந்து கிடந்தது. போன வருஷமே அந்திப் பூச்சி அங்கேயிருந்து மகரந்தத்தைச் சுமந்துவந்து என் பூவில் போட்டிருக்கிறது. அந்தப் பூவில் வந்த போன வருஷத்துக் காய் கசக்காது, அதன் சதை தாயுடையது. விதைக்குள்தான் தகப்பன் உட்கார்ந்திருப்பான். அதை நட்டால் கசப்பு மேலே வரும், நல்ல குணம் அடங்கிப் போகும். மாதுங்கா கல்லூரியில் பட்டாணியை வைத்து வருஷா வருஷம் நான் நடத்துகிற பாடம்! பேய்ச்சுரை ஆளைக் கொல்லும் என்பதும் எனக்குத் தெரியும்.

டாக்ஸியில் ஏறி, "ஜல்தி, பாயி, ஜல்தி" என்று கத்திக்கொண்டே போனேன். 'ஏசப்பா, அவரை விட்டுவை' என்பதைத் தவிர வேறு ஜெபம் வரவில்லை. கம்பெனி வாசலில் வாட்ச்மேன் என்னைப் பார்த்ததுமே, "மத்ராசி பாபுவோட வீட்டம்மாவா? பஹுத் உல்டி கியா, ஒரே வாந்தி" என்றான். உள்ளே பெஞ்சில் சுருண்டு கிடந்தார். வாந்தியில் ரத்தம். கையைத் தொட்டேன், ஜில்லென்றிருந்தது. செத்துப்போய்விட்டார் என்றே நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் சின்ன டாக்டர் ஒருத்தன், "சுரைக்காயில் விஷமா?" என்று சிரித்தான். வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். "சிரிக்காதே! நாடியைப் பார்!" பார்த்தான். முகம் மாறியது. நர்சைக் கூப்பிட்ட வேகத்தில் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. சலைன் பாட்டிலை மாட்டினார்கள். சொட்டு நின்றுவிடுமோ, அவர் மூச்சு நின்றுவிடுமோ என்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலையில் கண்ணைத் திறந்தார். அழுகை வரும் என்று நினைத்தேன், ஆத்திரம்தான் வந்தது.

"ஏங்க, அவ்வளவு கசந்ததே, துப்பித் தொலைக்க வேண்டியதுதானே? நாக்கு செத்தா போச்சு?"

அவர் உதட்டை நனைத்துக்கொண்டார்.

"கசக்கத்தான் செஞ்சுது. மருந்துன்னா அப்படித்தான இருக்கும்னு நெனச்சேன்," என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அதுவும் நீ வளத்த காய்தான. அதுல என்ன இருந்துறப் போவுதுன்னு மூச்சப் புடிச்சிக்கிட்டு குடிச்சிட்டேன்."