ஓரத்தில் இருந்த கைகள்

சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு பலமனேரிலிருந்து சித்தூருக்கு வந்த சித்தி, சீர்வரிசையோடு ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ஊரார் பிள்ளைகளையும் கொண்டுவந்தாள். எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். ஸ்டுடியோ மேசையில் குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கிப் பார்க்கும் ஆறேழு மாதக் குழந்தைகள். எங்களுக்குத் தெரிந்து ஒன்றுகூடச் சொந்தம் கிடையாது. சித்திக்குத் திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை. சாயங்காலம் பஸ் ஏறுவதற்கு முன் பழைய பேப்பர் கடைகளைக் குடைந்து, மூடிப்போன ஸ்டுடியோக்காரர்கள் எடைக்குப் போட்ட படங்களைப் பொறுக்கிக்கொண்டு வருவாள். "கல்யாணமாயி ஆறு மாசம் ஆவல, அதுக்குள்ள நாப்பது புள்ளைங்க" என்று நைனா கேலி செய்வார். சித்தப்பா சிரித்து மழுப்புவார்.

எனக்கு எட்டு வயது. பக்கத்து வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பது வரைக்கும் எனக்குத் தெரிந்தாக வேண்டும். டப்பா திறக்கும் சத்தம் கேட்டால் எதைப் போட்டுவிட்டாவது ஓடிப்போய்ச் சித்தி பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். நான் பிள்ளைகளைப் பார்ப்பேன். அவள் ஓரத்தைப் பார்ப்பாள். ஒவ்வொரு படத்திலும் ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டிருக்கும். பிள்ளை உருண்டு விழுந்துவிடாமல் இருக்க, படத்துக்கு வெளியே குனிந்து நிற்கும் அம்மாக்காரியின் கை.

"கொயந்த மூஞ்சி எல்லா ஊட்லயும் ஒரே மாதிரிதான் கீது. கையப் பாரு. மாவு பெசஞ்சிக்கினு இருந்தவ அப்டியே ஓடியாந்துக்கிறா. நகத்துல ஒட்டிக்கினு கீது பாரு" என்பாள்.

நானும் பார்ப்பேன். ஒரு கையில் கசங்கிய கைக்குட்டை இருக்கும். இன்னொன்றில் மடித்த பஸ் டிக்கெட், விரலிடுக்கில். அவளுக்காகத் தலையாட்டுவேனே தவிர, நல்ல படத்தை இப்படிக் கையை நீட்டிக் கெடுத்துவிட்டார்களே என்றுதான் மனத்துக்குள் இருக்கும்.

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெயர் எழுதிய சீட்டுகளைக் குலுக்கி, யார் பெயர் வருகிறதோ அவருக்கு ரகசியமாக ஒரு பரிசு தயார் செய்ய வேண்டும். அந்த வருஷம் எனக்குச் சித்தி வந்தாள். என்ன கொடுப்பது என்று நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பிலிம் ரோல் கழுவக் கொடுத்த இடத்தில் நைனாவுக்கு இலவசமாகக் கிடைத்த ஆல்பம் ஒன்று சும்மா கிடந்தது. பிஸ்கட் டப்பாவில் நெருக்கியடித்துக் கிடக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வீடு!

ஆல்பத்தின் பிளாஸ்டிக் உறைகளோ சின்னவை, படங்களோ பெரியவை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பகலில், சித்தி டூட்டிக்குப் போயிருந்தபோது கத்தரியை எடுத்தேன். எதை வெட்டுவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. நாற்பது கைகளையும் வெட்டி, துண்டுகளைச் செய்தித்தாளில் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

அந்தப் பிள்ளைகளில் ஒன்று சித்தியேதான். அவளுக்கு எட்டு மாதமானபோது அவள் அம்மா இறந்துபோனார். ஒழுகிய கூரையில் கல்யாணப் படமும் நனைந்து கெட்டுப்போக, அந்த அம்மாவில் மிச்சமிருந்தது அந்த ஒரு கைதான். இதெல்லாம் பின்னால் எனக்குத் தெரியவந்தவை.

கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை முடிந்து வந்து எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். சித்தி ஆல்பத்தைப் பிரித்தாள். நைனா கை தட்டினார். இரண்டாம் பக்கத்திலேயே சித்தியின் முகம் மாறிவிட்டது. வேகவேகமாகப் புரட்டினாள். ஒரு பக்கம் வந்ததும் புரட்டுவதை நிறுத்தினாள்.

"வெட்னதெல்லாம் எங்கடி?"

கட்டிலுக்கடியில் என்றேன். அம்மா குறுக்கிட்டாள். "அந்தக் காயிதமா? ஊடு பெருக்கும்போது வெந்நி அடுப்பாண்ட கூடைல போட்டேன். காத்தால பாதிய எரிச்சிட்டேனே!"

சித்தி எழுந்து ஓடினாள். புதுப் பட்டுப்புடவையோடு கொல்லையில் உட்கார்ந்து, விறகுச் சிராயும் தேங்காய் மட்டையும் கிடந்த கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். என்ன தேடுகிறாள் என்று சித்தப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவரும் குனிந்து தேடினார். எனக்கு அழுகையாக வந்தது. பரிசு கொடுத்தவளை ஒருவரும் ஒரு வார்த்தை மெச்சவில்லை.

கைகள் ஒவ்வொன்றாக வந்தன. மாவு ஒட்டிய கை இல்லை, அது வெந்நீராகிவிட்டது. கைக்குட்டை கிடைத்தது. கூடையின் அடியிலிருந்து ஒரு துண்டை எடுத்தவள் அப்படியே அசையாமல் இருந்தாள். மெல்லிசாக ஒரு வளையல். குழந்தையின் சட்டை நுனியை இறுக்கிப் பிடித்திருந்த நாலு விரல். அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கன்னத்தில் கரி அப்பியது.

ஓடிப்போய் ஆல்பத்தையும் பசை டப்பாவையும் கொண்டுவந்து, அந்தக் கைக்குரிய பிள்ளையைத் தேடிப் பிடித்து நீட்டினேன். "ஒட்டிடலாம் சித்தி. பாப்பா கூடவே சேத்து ஒட்டிடலாம்."

அவள் பிள்ளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

"அது நானுதான்டி. என்ன நான் கண்ணாடில பாத்துக்குவேன். நீயே வச்சிக்கோ, எல்லாத்தையும்."

துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போய், ஆராதனைக்குக் கொண்டுபோன பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்து மூடினாள். நான் கொல்லைப் படியில் உட்கார்ந்து ஆல்பத்தைப் புரட்டினேன். நாற்பது முகங்களும் என்னிடம், ஒரு வெறும் கை அவளிடம். சித்தி இப்படி ஏமாந்துவிட்டாளே என்று எனக்கு அவளை நினைக்கப் பாவமாக இருந்தது.