ராக்கருக்கு இட்ட மை

படகு எஞ்சின் வேலையில் ஒரு சங்கடம் உண்டு: பழுதானால் ஓரமாக நிறுத்திப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல, கடலில் ஓரம் கிடையாது. எஞ்சின் பார்ப்பவரைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் குழந்தையோடு கரையில் நிற்கும் சகோதரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பாப்பா தூங்கிவிட்டாள், எழுந்துவிடுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

தலையைத் திறந்தவர்

எங்கள் பட்டறை பழவேற்காட்டில், டச்சுக்காரர் கல்லறைகளுக்குப் பின்னால் இருக்கும் சந்தில். கான்வென்ட் லேபில் வெர்னியர் அளவுகோல் பிடித்துப் பழகியவள் என்பதால் அளக்கும் வேலையெல்லாம் என் தலையில் விழுந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம்: எஞ்சினின் தலையான ஹெட்டை, அதாவது மேல்மூடியை, யார் கழற்றினாரோ, அவர் அந்தப் படகின் முதல் ஓட்டத்தில் கூடவே போக வேண்டும். முகத்துவாரம் தாண்டித் திரும்பி வந்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். ஆக, நான் தப்பாக அளந்தால் அலையில் மாட்டிக்கொள்வது என் வீட்டுக்காரர்.

பசியாவரத்து மீனவர் ஏழுமலை அண்ணன் தன் பழைய படகு எஞ்சினைக் கொண்டு வந்து, இன்னும் வேகம் வேண்டும் என்றார். வீட்டுக்காரர், உள்ளே அழுத்தம் கூடுகிற மாதிரி ஹெட்டைத் தேய்த்து இறக்கலாம், தேய்ந்துபோன ராக்கரையும் மாற்றலாம் என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனார். நான் பாப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். “இன்னாம்மா, மூஞ்சி இப்டிப் போவுது? உன் வூட்டுக்காரரை இட்டுக்கினு போற மாதிரியே முழுசா இட்டாந்து வுட்டுர்றேன், போதுமா?”

மாவு வேலை

ராக்கர் என்பது பார்க்கில் இருக்கும் சீசா பலகை மாதிரி ஒரு கை. ஒரு முனையை புஷ்ராட் என்கிற கம்பி கீழிருந்து தூக்கும்; மறுமுனை வால்வை அமுக்கும். சென்னை புதுப்பேட்டை உதிரிபாகக் கடையிலிருந்து இரண்டு ஜோடி வந்திருந்தன. ஒன்று வால்வை அதிகம் அமுக்கும், மற்றது கொஞ்சம் குறைவு. அதிகம் அமுக்கினால் வேகம் கூடும் என்பதால் அண்ணனுக்கு அதுதான் வேண்டும். எனக்கோ, அவ்வளவு இறங்கினால் வால்வு போய் பிஸ்டனில் இடிக்குமே என்று பயம். ஹெட் வேறு இறங்கியிருக்கிறது.

சமையலறையிலிருந்து சப்பாத்தி மாவு கொண்டு வந்து, எண்ணெய் தொட்டு, பிஸ்டன் தலையில் வைத்தோம். ஹெட்டை மாட்டி, கையால் எஞ்சினைச் சுற்றிவிட்டு, திரும்பக் கழற்றினோம். பெரிய ராக்கருக்கு மாவு அப்பளத்தை விட மெலிதாக நசுங்கியிருந்தது; வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே அவ்வளவுதான் இடம். சின்ன ராக்கருக்கு ஊத்தப்பம். “ஊத்தப்பம்தான்” என்றேன். வீட்டுக்காரர் மாவை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஏழுமலை அண்ணனுக்கு மனசே இல்லை. “வேகம் கேட்டு வந்தவனுக்கு டிபனைக் காட்டி அனுப்புறீங்களே, நல்லா கீதும்மா உங்க பட்டறை!”

கண்மை

ஹெட் இறங்கினால் பழைய புஷ்ராட் தேவைக்கு மேல் நீளமாகிவிடும். ராக்கரின் மூக்கு வால்வின் நடுவில் படாமல் ஓரத்தில் தேய்க்கும். நாளாக நாளாக வால்வு ஒரு பக்கமாகத் தேய்ந்து ஆடும். அதனால் வீட்டுக்காரர் ஒரு பழைய ராடை நறுக்கி, நடுவில் போல்ட் வைத்து, நீட்டிச் சுருக்குகிற மாதிரி ஒன்று செய்தார். வால்வு முனையில் எதையாவது தடவி, எஞ்சினைச் சுற்றினால், ராக்கர் தேய்த்த இடம் கோடாகத் தெரியும்.

தடவ அன்றைக்குப் பட்டறையில் எதுவும் இல்லை. பாப்பாவின் மை டப்பாதான் கைக்கு வந்தது. விளக்கெண்ணெய் போட்டு நான் எடுத்த மை, சும்மா அழியாது. முதல் சுற்றில் கோடு ஓரத்தில் விழுந்தது. போல்ட்டைக் கொஞ்சம் உள்ளே திருகினேன். இன்னும் ஓரம். திருகித் திருகி, கடைசியில் மெல்லிய கோடு ஒன்று நட்டநடுவில் வந்து உட்கார்ந்தது. பாப்பா முதன்முதலில் குப்புற விழுந்தபோதுகூட நான் அப்படிக் கத்தவில்லை. வாசலில் நின்றிருந்த ஏழுமலை அண்ணன் எட்டிப் பார்த்தார். “எஞ்சினுக்குக் கண்ணு வரைஞ்சிட்டியா, அதான் பார்த்து ஓடுமா?”

இரண்டு முடிச்சு

அந்த நீளத்துக்குப் புது ராட் கடைய பொன்னேரி லேத் பட்டறைக்குப் போக வேண்டும். தான் அந்தப் பக்கம்தான் போவதாக அண்ணன் சொன்னார். நட்டை இறுக்கி, அவர் எடுத்துப்போக மாதிரி ராடைத் துணியில் சுற்றி வைத்தேன். அது வழியில் தொலைந்துவிடுமோ என்று அவருக்குப் பயம். எங்களிடம் சொல்லாமல், வலை பின்னுகிற நைலான் நூலை அதன்மேல் பிடித்து, இரண்டு முனைக்கும் முடிச்சுப் போட்டு, மாதிரியை அலமாரியிலேயே பத்திரமாக விட்டுவிட்டு, நூலை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஏரி ஈரத்தில் ஊறிய நூல். லேத்துக்காரர் அதை இழுத்துப் பிடித்து, நீண்டுபோன அளவுக்கு ராட் கடைந்திருக்கிறார்.

வந்த ராடை மாட்டி மை தடவினேன். கோடு வால்வை விட்டே வெளியே போகப் பார்த்தது. ஒரு நிமிடம், நான்தான் தப்பாக அளந்துவிட்டேன் என்றே நினைத்தேன். மாதிரி அலமாரியில் கிடப்பதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. வீட்டுக்காரர் மாதிரியைத் தானே எடுத்துக்கொண்டு பொன்னேரிக்குக் கிளம்பினார். அண்ணன் கொஞ்சமும் அசரவில்லை. “எங்க ஊரு வலையெல்லாம் இந்த நூலுலதாம்மா அளக்குறோம், ஒரு மீனாவது குறை சொல்லிக்கீதா?”

சத்தம் நின்றது

வீட்டுக்காரர் கடைந்து வாங்கி வந்த ராடில் கோடு நடுவில் விழுந்தது. முதல் ஓட்டத்தன்று பாப்பாவைத் தூக்கிக்கொண்டு படகுத்துறையில் நின்றேன். வீட்டுக்காரர் கையசைத்தார்; எனக்குக் கை எழவில்லை. படகு வளைவில் மறைந்தது. அதற்கப்புறம் சத்தம்தான் எனக்குக் கண். டடடட என்று ஒரே சீராக, ஒரு தட்டல் பிசகாமல், முகத்துவாரத்தைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தது. போய்விடும் என்று முதல்தடவையாக நம்பினேன்.

அப்போது சத்தம் நின்றது.

எந்த அளவு தப்பியது என்று ஒவ்வொன்றாக மனசுக்குள் கழற்றிப் பார்த்தேன். மாவு சரி. கோடு சரி. ராட் சரி. பாப்பா என் தாலிச் சரடைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

டட என்று ஒன்று கேட்டது. பிறகு டடடட.

திரும்பி வந்த படகில் வீட்டுக்காரர் முழங்கால் வரை நனைந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில் மடவை மீன் துள்ளியது. “முகத்துவாரம் தாண்டிட்டுத்தான் வர்றோம்” என்றார். “நடுவுல ஏன் நின்னுச்சு?” என்று நான் கேட்டது அழுகையாகத்தான் வந்தது. ஏழுமலை அண்ணன் பெரிய மீனாக இரண்டை என் காலடியில் போட்டார். “அது எங்க நின்னுச்சு, நான்தாம்மா நிறுத்துனேன், மடவை கும்பலா எதிர்ல வந்தா வலை வீசுவாங்களா, எஞ்சின் ஓட்டுவாங்களா? அப்பால ஒரே சுத்துல புடிச்சிக்கிச்சு! அந்த மை டப்பாவை எடுத்தாந்து, ஹெட்டு மேல பெருசா ஒரு பொட்டு வையி, ஊரு கண்ணே இது மேலதான்!”

இப்போதெல்லாம் ஹெட் திறந்த எஞ்சினுக்கெல்லாம் பொட்டு வைத்து முடித்து, டப்பாவில் ஏதாவது ஒட்டியிருந்தால்தான் எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு மை.