அண்ணை பொறுக்கிய பிழைக்காசு

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல மகள் எழுதுகிறாள். அண்ணையின் செத்தவீட்டுப் பந்தலில் ஒருவர், "நல்ல மனிசன்தான், ஆனா பிள்ளையளின்ரை கையில செல்லாக்காசு வைச்சவர்" என்றது என் காதில் விழுந்தது. கேட்டுக்கொண்டு சும்மா இருப்பேனா?

எங்கள் அண்ணை பிறந்தது பருத்தித்துறைக் கரையில். எங்களைப் பெற்ற ஐயாவைக் கடல் கொண்டுபோனபின் படிப்பை விட்டுத் தோணி ஏறினார். கால் முறிந்ததும் நெல்லியடிச் சந்தையில் கருவாடு விற்றார். எனக்கும் தம்பிக்கும் கலியாணம் செய்துவைத்தார், தான் செய்யவில்லை.

பின்னேரங்களில் சாக்கை விரித்துச் சில்லறையைக் கொட்டுவார். அவரும் நானும் குந்தியிருந்து, அச்சடிக்கும்போது பிழைத்துப்போன காசைத் தேடி ஒவ்வொன்றாகப் புரட்டுவோம். விளிம்பு தள்ளி அடித்தது, கீறு விழுந்தது, எழுத்து இரட்டித்தது... ஒன்று கிடைத்துவிட்டால், அடடா, அன்றைக்குச் சோறே வேண்டாம்! கருவாட்டு மணம் வேறு, அதை விடுவோம்.

"படிச்சவன் வாசிச்சுப்போட்டு விட்டிடுவான். நீதான் பிள்ளை பாக்கிறாய்" என்பார்.

வருஷம் முழுக்கத் தேடியதை வருஷப்பிறப்பன்று பிள்ளைகளுக்குக் கைவிசேடமாக வைப்பார். ஆளுக்கொன்று, வேறெவரிடமும் இல்லாத காசு. ஒருமுறை தம்பியின் மகளுக்கு, எழுத்து இரட்டித்த இருபத்தைந்து சதம். அப்படியொன்றை நாங்கள் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. தம்பியின் மனைவி, என் மச்சாள், பறித்துப் பார்த்தார்.

"நல்ல நாளில என்ரை பிள்ளையின்ரை கையில செல்லாக்காசே வைக்கிறியள்?" என்று முற்றத்தில் எறிந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காசைப் பொறுக்கிக்கொண்டு மூலைக்கடைக்கு ஓடினேன். பாதிக் கதவு திறந்திருந்தது. கடைக்காரர் மறுபேச்சில்லாமல் வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டுப் பனங்கட்டி தந்தார். அதோடு வீட்டுக்கு ஓடிவந்தேன்.

"இந்தாங்கோ மச்சாள், செல்லாக்காசுக்கு வாங்கின பனங்கட்டி! இனிக்குதோ எண்டு பாருங்கோ!"

அப்போதுதான் அண்ணை மெதுவாகக் கேட்டார்:

"பிள்ளை, அந்தக் காசு?"

திரும்ப ஓடினேன். கடைக்காரர் அதற்குள் யாருக்கோ மிச்சக்காசாகக் கொடுத்துவிட்டார்.

அண்ணை ஏசவில்லை. "விடு பிள்ளை, ஆரின்ரையோ கையில இருக்கும்" என்றார். ஆனால் அடுத்த வருஷத்திலிருந்து எல்லோருக்கும் பிழையில்லாத காசே வைத்தார். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடைசி நாட்களில் கண் மங்கியபோதும் சில்லறையைத் தடவித் தடவிப் பார்த்தார்.

ஆஸ்பத்திரிக்குக் கார் பிடித்துத் தந்தவர்களுக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், சமைத்துக் கொண்டுவந்த அயலவர்களுக்கும் நன்றி. மச்சாளுக்கும்தான், தலைமாட்டை விட்டு எழும்பாமல் அழுதார். ஆனால் செல்லாக்காசு என்ற கதையை இனி ஒருவரும் எடுக்க வேண்டாம். அண்ணை வைத்த காசு செல்லும். செலவழித்தவள் நான்.