மோட்டார் கொட்டாயில் பன்னிரண்டு போன்

சிலம்பரசனை வேலைவெட்டி இல்லாதவன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேலை இல்லாதவனால் பன்னிரண்டு பேர் உயிரை இரண்டு வாரம் வாங்க முடியுமா? அந்தப் பன்னிரண்டில் நானும் ஒருவன். கிருமாம்பாக்கம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். ஊருக்கே ரீசார்ஜ் போடுகிறவன் பத்து நாள் கையில் போன் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். இந்தக் கண்ணராவியைக் கேளுங்கள்.

இன்ஜினியரிங் முடித்து ஆறு வருடமாக அவன் வீட்டிலேயே தனியாக மொபைல் ஆப் எழுதுகிறான். கம்பெனியும் இல்லை, கூட்டாளியும் இல்லை. முதலில் கரும்பு வெட்ட ஆள் பிடித்துத் தரும் ஆப். அதைப் போட்டுக்கொண்டவர்கள் எல்லாரும் ஆள் தேடுகிறவர்கள். வெட்டுகிறவர் ஒருவர்கூட இல்லை. அடுத்தது, போன கரண்ட் எப்போது வரும் என்று சொல்லும் ஆப். கரண்ட் போனால் எங்கள் பக்கம் நெட்டும் போய்விடும். அதனால் கரண்ட் வந்த பிறகுதான் அது வாயைத் திறக்கும்.

மூன்றாவதுதான் மீன் ஆப். கனகாம்பாள் என்பவர் கடற்கரைக் குப்பத்திலிருந்து தினமும் மொபெட்டில் மீன் கொண்டுவருவார். அவர் எந்தத் தெருவில் இருக்கிறார், பெட்டியில் என்ன மீன் என்று போனில் படத்தோடு தெரியும். அந்தம்மா குரல் நாலு தெருவுக்குக் கேட்குமே, இதற்கு எதற்கு ஆப் என்றேன். அந்தக் குரலையும் பதிவு செய்து உள்ளே வைத்துவிட்டான். கனகாம்பாள் கிளம்பியதும் போன் "சங்கரா, காரப்பொடி" என்று கூவும்.

அவன் அப்பா சம்மந்தம் கரும்பும் நெல்லும் வைக்கிறவர். பக்கத்து ஆஸ்பத்திரியில் பில் போடும் வேலைக்கு மகன் பெயரில் அவரே எழுதிப்போட்டிருந்தார். மகன் போனை எடுக்க மாட்டான் என்று தன் நம்பரையே கொடுத்திருந்தார். இரண்டு பேருக்கும் ஒரு பேச்சு. ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வருவதற்குள் மீன் ஆப் வெளியே வந்துவிட்டால் அவன் வழியில் விட்டுவிடுவது. வராவிட்டால் லேப்டாப்பை மூடிவிட்டு வேலைக்குப் போவது.

ஆனால் ஆப் விற்கும் ஸ்டோரில் ஒரு சட்டம். பன்னிரண்டு பேர் பதினான்கு நாள் அதைப் போனில் விடாமல் வைத்திருந்து தினமும் திறந்து பார்க்க வேண்டும். ஒருவர் எடுத்துவிட்டாலும் எண்ணிக்கை திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கும். சிலம்பரசன் வீடு வீடாய்ப் போய்ப் பதினொரு பேரைப் பிடித்தான். ஆள் கிடைக்காமல் பன்னிரண்டாவதாக அப்பாவையே சேர்த்துக்கொண்டான்.

கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தவன் காலண்டரைப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் அம்மன் கோயிலில் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டினால் பத்து நாளைக்கு எங்கள் ஊரில் மீனும் கறியும் வாசற்படி ஏறாது. வெளியூரில் ராத்தங்கவும் கூடாது. அன்று காலை என் போன் எங்கள் பூஜை அறையில் வைத்து "சங்கரா" என்று கூவியது. என் மனைவி, ஒன்று போனில் இருக்கிற மீன் போகட்டும், இல்லை நீ போ என்றுவிட்டாள்.

பதினொரு வீட்டிலும் இதே ரகளை. மீன் படத்தை எடுத்துவிட்டு வெண்டைக்காய் படம் போடுகிறேன் என்று கெஞ்சினான். உள்ளே இருப்பது மீன்தானே என்று ஒருவரும் இறங்கி வரவில்லை. பையன் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் ஆப்பை எடுத்துவிடத்தான் போனேன்.

சம்மந்தம்தான் தடுத்தார். "மீனு வூட்டாண்ட இருக்கக் கூடாது, அவ்ளோதான? அதுக்கு ஏன் அழிக்கிறீங்க?" என்று கேட்டார். தன் போனைக் கொண்டுபோய் வயலில் இருக்கும் மோட்டார் கொட்டாயில் வைத்தார். பிறகு எல்லார் போனும் அங்கே போய்ச் சேர்ந்தன.

அன்றிலிருந்து சிலம்பரசன் அங்கேதான். தினமும் பன்னிரண்டு போனிலும் ஆப்பைத் திறந்து பார்ப்பான். எந்தப் போன் அடித்தாலும் எடுப்பான், சேதியை எழுதிக்கொண்டு சைக்கிளில் போய்ச் சொல்லிவிட்டு வருவான். யாருக்கோ பெண் பார்த்த சேதிக்குச் சம்மதமும் அவனே சொல்லிவிட்டான். கனகாம்பாள் மற்ற ஊர்களுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். அதனால் தினமும் காலை எட்டு மணிக்குப் பன்னிரண்டு போனும் ஒன்றாகக் கூவும். மேய்கிற மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின.

பதினோராம் நாள் காலை நான் என் போனைப் பார்த்துவிட்டு வரலாமென்று போயிருந்தேன். சம்மந்தத்தின் போன் அடித்தது. வழக்கம்போல் சிலம்பரசன் எடுத்தான். ஆஸ்பத்திரி. உங்கள் மகனைத் திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லுங்கள் என்றார்கள். திங்கட்கிழமை பதிமூன்றாம் நாள்.

அவன் பேசாமல் கட் செய்திருக்கலாம். எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் லைனிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, மடை திருப்பிக்கொண்டிருந்த அப்பாவிடம் போய் நின்றான். ஊரார் சேதியைச் சொல்கிற அதே குரலில் சொன்னான்.

சம்மந்தம் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கொட்டாய்க்கு வந்தார். போனை வாங்கி, "ஊர்ல காப்புக் கட்டிக்கிதுங்க. என் மவன் வெளியூருக்கு வர முடியாது" என்றார். திங்கட்கிழமையே வேண்டுமென்றால் வேறு ஆள் பாருங்கள் என்று வைத்துவிட்டார்.

அந்த ஆஸ்பத்திரி மாடியில் காயும் துணி எங்கள் வரப்பிலிருந்தே தெரியும்.

"நடந்தே போய்ட்டு வரலாமே, அது வெளியூராப்பா?" என்று சிலம்பரசன் கேட்டான்.

"காப்புக் கட்டிக்கினா எல்லாம் வெளியூர்தான். போய் மத்தவங்க போனப் பாரு" என்றார் சம்மந்தம்.

மணி எட்டு. பன்னிரண்டு போனும் கூவின. விரத மனுஷர் காதைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்றார்.

ஆப் இப்போது ஸ்டோரில் இருக்கிறது. சம்மந்தம் அதில்தான் மீன் சொல்கிறார், கனகாம்பாள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாலும்.