விதைக்கு விட்ட கன்று

உபதேசியார் மனுவேற்பிள்ளை இறந்த செய்தியை ஊர்காவற்றுறைத் துறையில் வள்ளக்காரர் ஒருவர் சொன்னார். "அண்ணை, உபதேசியார் விடியப்புறம் முடிஞ்சிட்டாராம்." நான் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றவில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். சுவாமியார் வராத ஞாயிறுகளில் எங்கள் கோயிலில் செபம் நடத்திப் பிரசங்கம் செய்தவர் அவர். எப்போதும் கையில் ஒரு செடியோடுதான் வருவார். சித்திரையில் கருகிய புல்லை வேரோடு பிடுங்கி வந்து, "செத்துப்போச்செண்டு நினைக்கிறியள். ஒரு மழை காணும், திரும்பத் தளிர்க்கும். ஆத்துமமும் இப்பிடித்தான்" என்பார். கள் வெறியில் வந்தவனும் அழுவான். நானும் அழுதிருக்கிறேன். அந்தத் திறமையை மறுப்பதற்கில்லை.

என் தங்கை திரேசாளை மண்டைதீவு வாத்தியார் ஒருவர் பெண் கேட்டார். நல்ல மனிதர். சைவராய்ப் பிறந்து, அந்த வருடந்தான் ஞானஸ்நானம் பெற்றிருந்தார். திரேசாளுக்கும் விருப்பம். எங்கள் தகப்பனாரான ஐயா உபதேசியாரிடம் யோசனை கேட்டார்.

உபதேசியார் எங்கள் புகையிலைத் தோட்டத்துக்கே வந்தார். இலை தடிப்பதற்காகக் கன்றுகளின் நுனியை முறிக்கும் காலம் அது. ஒரு கன்றின் நுனியை முறித்து ஐயாவின் கையில் வைத்தார்.

"அவன்ரை விசுவாசம் இன்னும் வேர் பிடிக்கேல்லை. பிள்ளையின்ரை ஆசையை இப்ப நீர் முறிச்சுவிடும். ஆத்துமம் தடிக்கும்."

வேறு எந்த நியாயம் சொல்லியிருந்தாலும் ஐயா எதிர்த்துப் பேசியிருப்பார். தோட்டக்காரனிடம் தோட்டத்தைக் காட்டிச் சொன்னதால் வாத்தியாருக்கு இல்லையென்று சொல்லியனுப்பினார். தை பிறக்குமுன் திரேசாள் யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடத்தில் இருந்தாள்.

சில வருடங்களில் உபதேசியாரின் மகளை நெடுந்தீவு இளைஞன் ஒருவன் விரும்பினான். அவனும் புதிதாய் ஞானஸ்நானம் பெற்றவன்தான். கலியாணம் நிச்சயமாயிற்று. நான் நேரே போய்க் கேட்டேன்.

அவர் கூசவில்லை. "தம்பி, நீர் படிச்சனீர். எல்லாப் புகையிலைக் கண்டையும் முறிச்சால் அடுத்த போகத்துக்கு விதை எங்காலை? ஒண்டு ரெண்டைப் பூக்க விடத்தானே வேணும்."

"அது உம்முடைய வீட்டு வளவுக் கண்டாய்த்தான் இருக்கவேணுமோ?" என்றேன். சிரித்துவிட்டுக் குடிக்க மோர் தரச் சொன்னார்.

போன மாதம் படுக்கையில் விழுந்ததும் திரேசாளைப் பார்க்கவேண்டுமென்று சொல்லியனுப்பினார். மடத்தில் அனுமதி பெற்று, துணைக்கு ஒரு கன்னியாஸ்திரியோடு அவள் வந்தாள். நான் வாசலில் நின்றேன்.

"பிள்ளை, உன்ரை காரியத்திலை நான் பிழை விட்டிட்டன். மன்னிச்சிட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லு."

திரேசாள் துணியை நனைத்து அவர் உதட்டை ஈரப்படுத்தினாள். "செபம் சொல்லுவம்" என்று செபமாலையை எடுத்தாள்.

"பிள்ளை, அதைச் சொல்லன்."

அவள் குரலை உயர்த்திச் செபத்தைத் தொடர்ந்தாள். ஐம்பத்து மூன்று மணியும் உருண்டு முடிந்தன. அவர் கேட்டது கிடைக்கவில்லை.

துறைக்குப் போகும் வழியில் கேட்டேன்: "ஒரு சொல்லுத்தானே, சொல்லியிருக்கலாமே?"

"பொய் சொன்னால் சுவாமியாரிட்டைப் பாவசங்கீர்த்தனம் செய்யிறது நானெல்லோ, அண்ணை" என்றாள்.

அடக்கத்தின்போது அவருடைய பேரப்பிள்ளைகள் வரிசையாய் வந்து குழியில் மண் போட்டார்கள். கடைசியானது தாயின் இடுப்பில் இருந்து போட்டது. எங்கள் குடும்பத்தின் பங்குக்குப் போட நான் ஒருவன்தான் இருந்தேன். போட்டேன்.

போய் வாருங்கள், உபதேசியாரே. இப்போது உங்களை விசாரிக்கப்போகிறவர் செடிகளைப் படைத்தவர். அவரிடம் செடியைக் காட்டித் தப்ப முடியாது.