பந்தியில் சொல்லாத குறை

ஆந்திர ராஜ்ஜியம் தனியாகப் பிரிந்து, எங்கள் பக்கம் யாருக்கு என்று இரண்டு அரசுகளும் பேசிக்கொண்டிருந்த காலம். கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தமிழ் வகுப்புக்கு நான் வாத்தியார். பிள்ளைகள் குறைவு என்று அதைத் தெலுங்கு வகுப்போடு சேர்த்துவிடப்போவதாகச் சேதி வந்தது. அந்தச் சமயத்தில்தான் திருப்பதியில் ஆசிரியர் மாநாடு கூடியது. சித்தூரிலிருந்து வரும் கல்வி அதிகாரி மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மேடையில் உட்கார்ந்து குறைகளைக் கேட்பார் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். எனக்கு ஐந்து நிமிஷம். தெலுங்கில் எழுதி, நெட்டுருப் போட்டு, காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

புத்தூர் வரைக்கும் பஸ், அங்கிருந்து ரேணிகுண்டாவுக்கு ரயில், அங்கே வண்டி மாறித் திருப்பதி. ஸ்டேஷன் வாசலில் ஜட்காக்காரர், “கொண்டகா சாமி?” என்றார். மலைக்கா என்று கேட்கிறார்.

“இல்லப்பா, மாநாட்டுக்கு.”

தலையை ஆட்டினார். ஆட்டியதோடு சரி. மலையடிவாரத்தில் கொண்டுபோய் இறக்கினார். கோபித்துக்கொண்டேன். அவர் அசரவில்லை. “இம்மாந் தூரம் வந்துட்டு கொண்ட ஏறாம யாரு சாமி போவாங்க?” என்றார். மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு மறுபடி வண்டியில் ஏறினேன்.

மாநாட்டுப் பந்தலுக்கு எதிரே ஒரு காபி கிளப். இட்லிக்குச் சாம்பார் கேட்டேன், வேர்க்கடலைச் சட்னிதான் உண்டு என்றார்கள். காரம் காதில் அடித்தது. ஆனாலும் இரண்டு முறை வாங்கிக்கொண்டேன். காலைப் பேச்சுகளில் பாதி என் தலையில் ஏறவில்லை. என் ஐந்து நிமிஷத்தையே மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டுக்கு டிக்கெட் கொடுத்திருந்தார்கள். கொட்டகையில் பந்தி. தொண்டர் ஒருவர் கைகாட்டிய இடத்தில் உட்கார்ந்தேன். பக்கத்து இலைக்கு அதிகாரியே வந்து உட்கார்ந்தார். வயசானவர், மெதுவாகச் சாப்பிடுகிறவர். முதலில் பொடியும் நெய்யும், பிறகு கோங்குரா என்கிற புளிச்சக்கீரைத் துவையல், பிறகு பப்பு என்கிற பருப்பு. சாம்பார் வரும் வரும் என்று வெறும் சோற்றோடு நான் காத்திருந்ததைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு. “பப்பு போட்டுக்கங்க அய்யவாரு, இங்க அதான் மொதல்ல” என்றார். சித்தூர்க்காரர், தமிழ் நன்றாக வந்தது.

எங்கள் வீடுகளில் ஒரு கட்டுப்பாடு உண்டு. இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் குறை பேசக் கூடாது. மழை இல்லை, மாடு செத்தது, மருமகள் சரியில்லை, எதுவானாலும் கை கழுவின பிறகுதான். மீறிப் பேசினால் நைனா, என் தகப்பனார், இலையிலிருந்தே எழுப்பிவிடுவார்.

எதிர் வரிசையில் வெதுருகுப்பம் பக்கத்து வாத்தியார் ஒருவர். தன் இலையில் பப்பு விழுவதற்குள் பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுவதைப் பற்றி அதிகாரியிடம் ஆரம்பித்துவிட்டார். இந்த மனுஷருக்கு இங்கிதமே கிடையாதா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அதிகாரி, நோட்டோடு பின்னால் நின்ற தன் குமாஸ்தாவை இடது கையால் கூப்பிட்டு, அதை எழுதிக்கொள்ளச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“உங்க இஸ்கூலு எப்படி நடக்குது?”

தயிர் வந்துவிட்டது. இன்னும் கால் மணி நேரத்தில் மேடை. காகிதம் பையில் பத்திரமாக இருந்தது.

“நல்லா நடக்குதுங்க” என்றேன்.

“சந்தோஷம்” என்று சொல்லி அவர் தயிரைப் பிசைந்துகொண்டார்.

கை கழுவும் இடத்தில் வரிசை. நான் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு பந்தலுக்கு வந்தபோது ஜீப் கிளம்பிக்கொண்டிருந்தது. சித்தூரில் கலெக்டர் அவசரமாகக் கூப்பிட்டாராம். மேடையில் காலி நாற்காலி. ஓடிப்போய்க் குமாஸ்தாவிடம் காகிதத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. “அய்யா கேட்டப்ப நல்லா நடக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க? நான் அப்படியே எழுதிட்டேனே” என்று ஜீப்பில் ஏறிக்கொண்டார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. என் மேல் வந்தது, அது இன்னும் முழுசாகப் போகவில்லை.

பிறகு இரண்டு மூன்று மனுக்களைத் தபாலில் அனுப்பினேன். பதில் இல்லை. ஜூனில் பள்ளி திறந்தபோது தமிழ் வகுப்பு இல்லை. கடைசி பெஞ்சுப் பெண்ணின் தகப்பனார், ஏர் ஓட்டுகிறவர், வாசலில் வந்து நின்றார். “பாப்பா தெலுங்குல என்னாத்த படிக்கும் சார்? திருப்பதிக்குப் போய்க்கினு வந்தீங்களே, அந்தப் பெரிய அதிகாரியப் பாக்கவே முடியலியா?”

பக்கத்து இலையில்தான் உட்கார்ந்திருந்தார் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?